இருபத்து மூன்று கழுத்துகள்

அன்று திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்: டோக்கன் கொடுக்கும் பெண் ஒருத்தி, நர்ஸ்கள் இருவர், வாசற்காவலர் ஒருவர், தரை துடைக்கும் அம்மாள் ஒருத்தி, நோயாளிகள் பதினான்கு பேர், கூட வந்தவர்கள் பத்தொன்பது பேர். ஆக முப்பத்தெட்டு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டாக்டர் ஒருவர், அவரையும் சேர்த்தால் முப்பத்தொன்பது. பதினான்கில் தான் ஒருவர், பத்தொன்பதில் மனைவி பாவாயியும் மாப்பிள்ளை தனசேகரும் என்று நாச்சிமுத்து பிரித்து வைத்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணையில் லாரிக்கு முட்டை எண்ணி ஏற்றிவிட்டவர் அவர். படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கே உட்கார்ந்தாலும் கண் தானாகவே எண்ண ஆரம்பித்துவிடும், நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. பதினான்கு பேரில் கழுத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியவர்கள் ஒன்பது. அதைத்தான் அவர் தேடி வந்தார். முதல் தடவை வந்தபோது பதினொன்று. இரண்டாம் தடவை எட்டு, அதில் ஏற்கெனவே பார்த்த முகம் இரண்டு, அதைக் கழித்தால் ஆறு. இன்றைக்கு ஒன்பது, பழைய முகம் மூன்று, கழித்தால் ஆறு. பதினொன்றும் ஆறும் பதினேழு, இன்னொரு ஆறு இருபத்து மூன்று. இந்த டாக்டர் கத்தி வைத்து, எழுந்து, தானாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கழுத்துகள் இருபத்து மூன்று. இரண்டாம் தடவைக்கும் இன்றைக்கும் நடுவில் பதினேழு என்ற எண்ணைத்தான் அவர் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். தூக்கம் கலைந்தால் பதினேழு பேர் என்று சொல்லிக்கொள்வார், நெஞ்சு கொஞ்சம் அடங்கும். இப்போது இருபத்து மூன்று. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய டோக்கன் பதினொன்று, உள்ளே நான்கு போயிருக்கிறது. இன்னும் ஆறு பேர் தாண்ட வேண்டும், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றாலும் ஒரு மணி நேரம், ஒரு மணி நேரத்துக்கு இருபத்து மூன்று போதும் என்று நினைத்தார்.

வலது காதுக்குக் கீழே, தாடை எலும்பு திரும்புகிற இடத்தில் அந்தக் கட்டி இருந்தது. சவரம் செய்யும்போது பிளேடு ஒரு நாள் அங்கே ஏறி இறங்கியது, அப்போது மிளகு அளவு. வைகாசியில் சுண்டைக்காய். இப்போது நெல்லிக்காய்க்குக் கொஞ்சம் கீழே. விரல் அங்கே போகக் கூடாது என்று அவருக்கு அவரே ஒரு கட்டு வைத்திருந்தார், ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் தொடுவதில்லை. இன்றைக்குக் காலையிலேயே ஐந்து ஆகிவிட்டது. வலி பெரிதாக இல்லை. வலி இருந்தால்கூடத் தேவலை. எறும்பு ஊர்கிற மாதிரி ஒன்று கன்னத்தில் கிளம்பி, மூக்கோரம் வரை வந்து, அங்கே நின்று, திரும்பிப் போகும். அது திரும்பிப் போவதுதான் பயம், வழி தெரிந்த ஒன்று போய்வருகிற மாதிரி. டாக்டர் முதல் நாள் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். காதுக்கு முன்னால் எச்சில் சுரப்பி, அதற்குள் புகுந்து ஒரு நரம்பு, உள்ளே போனதும் ஐந்தாகப் பிரிகிறது. கோழிக்கால் மாதிரிங்க என்றார், உங்களுக்குத் தெரியாததா என்று சிரித்தார். ஒரு விரல் நெற்றிக்கு, ஒன்று கண்ணுக்கு, ஒன்று கன்னத்துக்கு, ஒன்று உதட்டுக்கு, ஒன்று கழுத்துக்கு. கட்டி அதோடு ஒட்டாமல் இருந்தால் நரம்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுப்பார்களாம். ஒட்டியிருந்தால்? பாத்துக்கலாம் என்றார். கட்டியைச் சுத்தமாக எடுக்காமல் ஒரு துளி விட்டுப்போனால் அது நரம்பைப் பிடித்துக்கொண்டே மேலே போகுமாம், மெதுவாக, வருஷக்கணக்காக. அதையும் பாத்துக்கலாம் என்றார். ஒரே பேச்சில் இரண்டு பாத்துக்கலாம். திறக்கும்போதுதான் பார்ப்பார்களா? பார்க்கிறபோது தெரிய வேண்டுமே, இதற்கு முன்னால் பார்த்திருந்தால்தானே தெரியும். இல்லை, இருபத்து மூன்று பேர். தினமும் கண்ணாடி முன்னால் செய்யச் சொன்ன சோதனை ஐந்து: புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக மூடு, மூக்கைச் சுருக்கு, கன்னத்தை ஊது, பல்லைக் காட்டு. காலையில் ஐந்தும் சரியாகத்தான் இருந்தன. இருந்தாலும் துண்டை எடுத்து முகம் துடைப்பது மாதிரி மூடிக்கொண்டு, உள்ளே ஒரு தடவை புருவத்தைத் தூக்கினார், கண்ணை மூடினார், கன்னத்தை ஊதினார். அறுபத்தேழு வயசில் துண்டுக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். வலது கண் மூடியதா, முழுக்க மூடியதா, இல்லை ஒரு நூல் விட்டு நின்றதா? துண்டுக்குள் இருட்டு, தெரியவில்லை. இன்னொரு தடவை மூடினார். பாவாயி முழங்கையால் இடித்தாள். துண்டை இறக்கினார்.

ஐந்தாம் டோக்கன் போனது. பக்கத்து நாற்காலியில் சங்ககிரிக்காரி ஒருத்தி, மாராயி என்று பெயர் சொன்னாள், புருஷனுக்குக் குழாய் வழியே ஊற்றக் கஞ்சி ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்குக் கழுத்தெல்லாம் பிளாஸ்திரி, பேச்சு இல்லை; அவர் பங்கையும் சேர்த்து இவளே பேசினாள். இருபத்தாறு நாள் மாடி வார்டில் கிடந்தார்களாம், இங்கே உட்கார்ந்திருக்கிற முக்கால்வாசிப் பேரும் அங்கே அக்கம்பக்கத்துக் கட்டில்தானாம். அந்தப் பச்சைச் சட்டைக்காரர் லாரி டிரைவர், அந்தப் பொம்பளை செங்கல் சூளை, தூணோரம் இருக்கிறவர் தறிக்காரர் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாச்சிமுத்துவுக்கு அது நன்றாக இருந்தது. தான் எண்ணி வைத்த கழுத்துகளுக்கு ஊரும் பேரும் வந்து சேர்ந்தன. பிறகு அவள் இவருடைய உதட்டைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். “உங்களுக்குப் பொகையிலைங்களா, ஹான்ஸுங்களா?” என்று கேட்டாள். இரண்டும் இல்லை, வெற்றிலைகூடப் போட்டதில்லை என்று இவர் சொன்னார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “இங்க அத்தனை பேரும் வாய்தானுங்க. இவருக்குக் கன்னம், அவருக்கு நாக்கு, அந்தம்மாளுக்கு ஈறு. எல்லாம் அடக்கி வெச்சு வெச்சு வந்தது. கழுத்துல நெறி கட்டுனதை எடுக்கத்தான் அங்க தையல்” என்றாள். தனக்கு வாயில் இல்லை, காதுக்குக் கீழே எச்சில் ஊறுகிற சுரப்பியில் என்று இவர் சொன்னதும் அவள் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். “அப்படி ஒண்ணு இருக்குதுங்களா? வார்டுல நான் பாக்கலையே” என்றாள். அவள் புருஷனும் தலையை ஆட்டினார், தானும் பார்க்கவில்லை என்று.

இருபத்து மூன்றில் இருபத்து மூன்றைக் கழித்தால் எவ்வளவு என்று ஒரு மனிதனுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனாலும் அவர் திரும்பவும் எண்ணினார். பச்சைச் சட்டை, செங்கல் சூளை, தூணோரம். எத்தனை எண்ணினாலும் அது வேறு முட்டை, வேறு தட்டு. முப்பத்தோரு வருஷம் எண்ணிய ஆள் ரகம் பார்க்காமல் எண்ணிவிட்டார். பிளாஸ்திரியை எண்ணியிருக்கிறார், பிளாஸ்திரிக்கு அடியில் என்ன என்று பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க மனசு ஆசைப்பட்டதோ என்னவோ. ஏனென்றால் தெரிந்துதான் இருந்தது. ஊசி போட்டு எடுத்த தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் தடவி இங்கே பார்த்தார்கள், என்னவென்று சொல்ல முடியவில்லை. சதையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் நிச்சயமாகச் சொல்லவில்லை. சென்னைக்கு அனுப்பி, பதினெட்டு நாள் கழித்துத்தான் அதற்கு ஒரு பெயர் வந்தது, வாயில் நுழையாத பெயர். பார்த்துச் சொல்வதற்கே சென்னைக்குப் போன ஒன்றை, அறுத்து எடுப்பதற்கு மட்டும் இங்கே எப்படி? அன்றைக்கே அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். வந்தது. அவர்தான் அதைத் துண்டால் மூடினார். ஸ்கேன் எடுத்தவர் பக்கத்து அறை ஆளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ரொம்ப அபூர்வங்க ஐயா, வருஷத்துக்கு ஒண்ணு வந்தாலே பெரிசு என்று இவரிடம் ஒரு மரியாதையோடு சொன்னார், இவரும் என்னவோ தனக்குப் பெருமை வந்துவிட்டது மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தார். அபூர்வம். தோல்முட்டை அபூர்வம். ஓடு இல்லாமல், வெறும் சவ்வோடு, கம்பியில் மாட்டிக்கொண்டு தொங்கும். பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர்களில் வேலுச்சாமி மாதிரி கை யாருக்கும் கிடையாது, ஒரு கையில் ஆறு எடுப்பான், நாலாயிரத்துக்கு ஒன்று உடைந்தால் அதிசயம். அந்த வேலுச்சாமி தோல்முட்டையைத் தொட்டால் அது அவன் விரலிலேயே கிழிந்து ஒழுகும். அவனுடைய ஷெட்டில் மாசத்துக்கு ஒன்று வரும், மாசத்துக்கு ஒன்றைக் கிழிப்பான். புதிதாக முட்டைக்கு வந்த கோழிகள் இருக்கிற மூன்றாம் ஷெட்டில் பழனியம்மாள் என்று ஒருத்தி, வேலையில் மந்தம், தட்டுத் தடுமாறி நடப்பாள். அங்கே தினமும் ஏழெட்டு தோல்முட்டை. அவள் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, கீழேயிருந்து, தண்ணீரை ஏந்துவது மாதிரி எடுப்பாள், ஒன்றுகூடக் கிழியாது. ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. நெறைய எடுத்தாச்சுங்க என்பாள். வேலுச்சாமி நல்ல கை. டாக்டரும் நல்ல கை. நல்ல கைக்குள் ஒன்று கிழிந்து ஒழுகுவது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, அதன் மஞ்சள், அது மணிக்கட்டு வழியே இறங்குவது, கையை உதறிவிட்டு வேலுச்சாமி அடுத்த முட்டைக்குப் போவது. அடுத்த முட்டைக்குப் போய்விடலாம். நாச்சிமுத்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் வலது பக்க உதட்டோரம் கொஞ்சம் வழிந்தது. வழிந்ததா, அவசரமாகக் குடித்ததில் சிந்தியதா? துடைத்துவிட்டு மறுபடி ஒரு மடக்கு குடித்தார், வழியவில்லை. இன்னொரு மடக்கு. வழியவில்லை. மூன்றுக்கு ஒன்று.

எட்டாம் டோக்கன். அப்படியானால் கேட்டுவிட வேண்டியதுதான். இதே கட்டியை இதுவரை எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று. ஒரே கேள்வி. ஆனால் யாரிடம் கேட்பது, யாரை வைத்துக்கொண்டு கேட்பது? டாக்டர் இளஞ்செழியனும் மாப்பிள்ளையும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே விடுதி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஆஸ்பத்திரி, தேதி, தனி அறை எல்லாம் மாப்பிள்ளை ஏற்பாடு. மகளைக் கொடுத்து இருபத்திரண்டு வருஷத்தில் மாப்பிள்ளை எடுத்த ஒரு முடிவுக்கும் நாச்சிமுத்து எதிர்ப்பேச்சு பேசியதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எதிரில் உட்காருவார். இன்றைக்குக் காரில் வரும்போதுகூட மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். “மாமா, லாரிக்காரனைக் கேக்கற மாதிரி செழியனை உக்கார வெச்சுக் கணக்குக் கேட்டுறாதீங்க” என்றார். தமாஷாகத்தான் சொன்னார். தமாஷாகத்தானா? ஒரு டாக்டரைப் பார்த்து எத்தனை என்று கேட்பது, சமையல்காரரைப் பந்தியில் வைத்து உமக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்பது போல அல்லவா. கேட்டபின் அதே ஆளிடம் கழுத்தைக் கொடுக்க வேண்டும். கோபம் வந்தால் கையில் தெரியுமா? தெரியாது, படித்தவர், நல்லவர். ஆனால் கை நல்லவர் கெட்டவர் பார்க்குமா, கைக்குத் தெரிந்ததுதானே கைக்குத் தெரியும். கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன? செவ்வாய், புதன், இரண்டு நாள். வியாழன் ஏழு மணி. மயக்க ஊசி போட்டபின் எண்ணச் சொல்வார்களாம், ஒன்று இரண்டு மூன்று என்று, எத்தனையில் விட்டுப்போனோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காதாம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே எண் கையிலிருந்து நழுவுவது. அது வேறு ஒரு பயம், அதைத் தள்ளி வைத்தார். எழுந்தால் கண் மூடாமல், வாய் கோணி, வருஷக்கணக்காக அந்தத் துளி மேலே ஏறிக்கொண்டு. எழாவிட்டால் பாவாயி. அவள் பக்கம் திரும்பாமலே, மெதுவாக, மாராயி சொன்னதைச் சொன்னார், இருபத்து மூன்றையும் சொன்னார். எண்ணியதை யாரிடமும் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை, வெட்கமாக இருந்தது. அவள் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. “மாப்பிள்ளை கோவிச்சா நாலு நாள்ல சரியாப் போயிரும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வாய் கோணிப்போனாப் போகுது, நான் ஒண்ணும் புது மாப்பிள்ளை பாக்க வரல. ஆள் வேணும். கேளுங்” என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. பத்தாம் டோக்கன் உள்ளே போனது. அவர் மனசுக்குள் கேள்வியை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். எத்தனை என்று ஆரம்பிப்பதா, தப்பா நினைச்சுக்காதீங்க என்று ஆரம்பிப்பதா. தப்பா நினைச்சுக்காதீங்க என்று ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடும், அவருக்கு அவரைத் தெரியும்.

பதினொன்று என்று கூப்பிட்டதும் மூவரும் எழுந்து போனார்கள். உள்ளே குளிர். டாக்டர் வாங்க மாமா என்றார், தனசேகரின் மாமா அவருக்கும் மாமாதான். கன்னத்தை ஊதச் சொன்னார், கண்ணை மூடச் சொல்லி விரலால் இமையைத் திறந்து பார்த்தார், நல்லா இருக்கு என்றார். விரல் மெத்தென்று இருந்தது. அந்த மெத்தென்ற விரல் இமையில் பட்டதும் நாச்சிமுத்துவுக்கு அழுகை வரப்பார்த்தது, இப்படிப்பட்ட மனிதரை எப்படிக் கேட்பது. நர்ஸ் தாளை நீட்டி, பேனாவைத் திறந்து கையில் கொடுத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தது. பேனா முனை அந்தக் குறியின் மேல் நின்றது. மாப்பிள்ளை, அங்கதான் மாமா, போடுங்க என்றார். முனை நகரவில்லை. மை ஊறிப் புள்ளி பெரிதாவதைப் பார்த்துக்கொண்டே, தாளுக்குச் சொல்வது மாதிரி, “இதே கட்டி எத்தனை பேருக்கு எடுத்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை நாற்காலியில் நகர்ந்து, மாமா என்றார். டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார், கேக்கட்டும் தனா என்றார். பிறகு யோசித்தார். யோசிக்க வேண்டியிருந்தது. இடது கையை மேசைக்கு மேலே வைத்து, கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார், ஒன்று தொட்டு நின்று, எந்த வருஷம் என்று முணுமுணுத்து, அடுத்ததைத் தொட்டார். அந்தக் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் நாச்சிமுத்து வாழ்நாளில் பட்ட நேரங்களிலேயே நீளமானது. விரல் விட்டு எண்ணுகிறவருக்கு எண் சிறிது. இன்னொரு கைக்குப் போகிறதா என்று பார்த்தார். போகவில்லை. சுண்டு விரலில் நின்றுவிட்டது. “பன்னெண்டு வருஷத்துல நாலு” என்றார் டாக்டர். தான் படித்த சென்னை ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, தமிழ்நாடு முழுக்க இருந்து அங்கே போகிறார்கள், வருஷத்துக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் செய்வார்கள், நரம்பை எடுக்க வேண்டி வந்தால் தொடையிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டவும் அங்கே ஆள் இருக்கிறது என்று, எதையும் மறைக்காமல் நிதானமாகச் சொன்னார். முதல் நாளே தனாவிடம் சொன்னாராம், சென்னை நல்லது என்று. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மாமா கூச்சப்படுகிற ஆள், தெரியாத ஊரில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாய்விட்டுக் கேட்க மாட்டார், பக்கத்திலேயே, தெரிந்த கையிலேயே முடியட்டும் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். எனக்குப் பயமா இருந்துச்சுங்க மாமா, அங்க உங்களை எப்படி விடறதுன்னு என்றார் மாப்பிள்ளை, சின்னக் குரலில். நாச்சிமுத்து பேனாவை மூடினார். சரியாக மூடியதா என்று இன்னொரு தரம் அழுத்தினார். மாப்பிள்ளையின் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது, இருபத்திரண்டு வருஷத்தில் தொட்டதில்லை, தொடவில்லை. “நான் சென்னைக்கே போறனுங்க” என்றார். டாக்டர் கடிதத்தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார், போனில் அங்கே இன்றைக்கே பேசிவிடுவதாகச் சொன்னார், தாமதிக்கக் கூடாது, பதினைந்து நாளுக்குள் படுக்கை கிடைத்துவிடும் என்றார். பேனா ஓடியது. மாப்பிள்ளை ரயிலைப் பற்றி ஏதோ சொன்னார், பாவாயி ஸ்கேன் படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று உறையில் அடுக்கினாள். முடிந்துவிட்டது, எழுந்துவிடலாம். நாற்பது பேர், பழனியம்மாளின் உள்ளங்கை, நிம்மதிதான். ஆனால் நாலு என்ற எண் அறைக்குள் பாதியில் நின்றுகொண்டிருந்தது. நாலு பேர் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே பெருக்கல் குறியில் போட்டிருக்கிறார்கள், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டாம், தெரிந்து என்ன ஆகப்போகிறது, போகிற இடத்துக்கு இது எதற்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழுந்து கதவு வரை போனார், கைப்பிடி குளிர்ந்து கிடந்தது, திருகாமல் நின்றார். அந்த நாலு பேரில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று திரும்பாமலே கேட்டார். பேனா நின்றது. டாக்டர் இந்தத் தடவை விரல் விடவில்லை.

“ஒருத்தருங்க மாமா.”